செண்பகவடிவின் தூக்கம் மாடியேறிய விதம்

எருமையால் மாடிப்படி ஏற முடியாது என்று பரவலாக நம்பப்படுகிறது. பொறியாளர்களும், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வரைபடம் போடுகிறவர்களும், கால்நடை வளர்ப்பைப் பற்றி வானொலியில் பேசுகிறவர்களும்கூட இந்தப் பிழைக்கு விதிவிலக்கல்ல. இதன் காரணமாகவே நாட்டில் இதுவரை கட்டப்பட்ட எந்தப் படிக்கட்டிலும் எருமையை மனத்தில் கொண்டு ஓர் ஏற்பாடும் செய்யப்படவில்லை. உண்மை வேறு. படியின் உயரம் ஏழு அங்குலத்துக்கு மிகாமல், அகலம் ஒரு குளம்பு ஊன்றும் அளவுக்கு இருந்து, பின்னால் நின்று யாரும் அவசரப்படுத்தாமலும் இருந்தால், எருமை எத்தனை மாடியானாலும் ஏறும். இறங்குவதில்தான் அதற்கு ஆட்சேபம். இந்த இரண்டாவது செய்தி பிற்பாடு தேவைப்படும் என்பதால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாளையங்கோட்டையில், கால்வாய்க்கு மேற்கே உள்ள குடியிருப்பில், சி பிளாக்கின் ஐம்பத்து நான்கு படிகளையும் ஒரு பங்குனிச் செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு ஓர் எருமை ஏறிக் கடந்து, மூன்றாம் மாடியில் வேன் டிரைவர் ஆவுடையப்பன் வீட்டுக் கதவைக் கொம்பால் இரண்டு முறை தட்டியது. அந்த நேரத்தில் உள்ளே அவருடைய மனைவி செண்பகவடிவு, நெற்றியில் ஈரப் பஞ்சு வைத்த பட்டையோடு, ஏழு மாதமாக விட்டு எழாத கட்டிலில், கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தாள்.

வடிவு பதினாறு ஆண்டுகள் ரயில்வே கேட்டில் இரவுப்பணி பார்த்தவள். கேட் கீப்பர் என்பது அலுவலகத்தார் சொல்வது, ஊரில் கேட்டுக்காரம்மா. ரயில் வருமுன் கேட்டை இறக்கி, போனபின் ஏற்றி, இரு பக்கமும் காத்திருக்கிறவர்களின் வசவை ஒரே முகத்தோடு வாங்கிக்கொண்டு, விடிந்ததும் வீட்டுக்கு வந்து, சமைத்து, மதியத்தில் தூங்கி எழுந்து, மறுபடி கேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவளுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் தூக்கம் நின்றது. தூக்கம் நின்ற வீட்டில் மற்றவையும் ஒவ்வொன்றாகக் கிளம்பும். முதலில் பசி போயிற்று, பிறகு கோபம் போயிற்று, பிறகு தலை வாரிக்கொள்ளும் எண்ணம் போயிற்று, கடைசியில் எழுந்து நிற்பது எதற்காக என்கிற காரணமும் போய்விட்டது. மருத்துவச் சான்றிதழோடு விடுப்பில் படுத்தவளைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் இதற்குப் பதினொரு காரணங்கள் கண்டுபிடித்தார்கள். மகள் விடுதியில் படிப்பதால் என்றார்கள். மகள் வீட்டிலிருந்தபோது, மகள் வீட்டிலிருப்பதால் என்றவர்களும் அவர்களே. காரணம் எதுவும் இல்லாமலே ஒருத்திக்கு மனச்சோர்வு வரலாம் என்று சொன்ன ஒரே ஆள் டாக்டர் நஸீமாதான். அவர் மருத்துவம் படித்தவர் என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

டாக்டர் நஸீமாதான் அந்த நெற்றிப் பட்டையையும் அதோடு இணைந்த பெட்டியையும் கொண்டுவந்தார். டிபன் பாக்ஸ் அளவில் இருந்தது. அதிலிருந்து வரும் மின்சாரம் மிகமிகச் சொற்பம். டார்ச் விளக்கின் பேட்டரிகூட அதைத் தன் உறவு என்று சொல்லக் கூச்சப்படும்.

"ஆழ்ந்து தூங்குறப்ப மூளை முழுக்கப் பெரிய பெரிய அலையா எழும்பி அடங்கும் ஆவுடையப்பன். ரொம்ப நிதானமா, நொடிக்கு ஒண்ணுகூட இருக்காது. இவங்களுக்கு அலை எழும்பவே மாட்டேங்குது. இந்தப் பெட்டி அதே நிதானத்துல தட்டித் தட்டி ஞாபகப்படுத்தும். அவ்வளவுதான் இதோட வேலை."

"தூங்கிட்டா சரியாயிருமா டாக்டர்?"

"தூக்கம் வந்தா மத்தது வர வழி பிறக்கலாம். சோதனையாத்தான் பண்றோம். சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கல. முப்பது நாள் பாப்போம். மாத்திரையை மட்டும் நிறுத்திராதீங்க."

பதினாறு ஆண்டுகள் இரவில் விழித்த உடம்புக்கு மதியம்தான் நள்ளிரவு என்பதால், சிகிச்சை நேரம் இரண்டிலிருந்து நான்கு என்று முடிவாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டு, திரும்ப அழைத்துவரும் வரை ஆவுடையப்பனுக்கும் அது ஓய்வு நேரம். பட்டை கட்டுவதையும், பெட்டி வரைகிற கோடுகளை போனில் அனுப்புவதையும் அவர் கற்றுக்கொண்டார்.

சிகிச்சையின் முதல் நாள், எருமையை முதலில் பார்த்தவள் குடியிருப்புக் கேட்டருகே வண்டி போட்டுத் துணி தேய்க்கும் மாரித்தங்கம். குடியிருப்புக்குள் யார் நுழைந்தாலும் கேட்பதையே அதனிடமும் கேட்டாள்: "யாரு வீட்டுக்கு?" அது சி பிளாக் பக்கம் திரும்பியது. "மூணாம் மாடியா? லிப்டு கெடையாது. பைய ஏறிப் போ" என்று சொல்லிவிட்டு அவள் காலரைத் தேய்க்கத் தொடங்கினாள். ஆவுடையப்பன் கதவைத் திறந்து, பார்த்து, எல்.கே.ஜி. பிள்ளைகளை வேனில் ஏற்றிப் பழகியவருக்கு இருக்கும் பொறுமையோடு பிளாஸ்டிக் நாற்காலியை ஓரமாக நகர்த்தி வழிவிட்டார். எருமை உள்ளே வந்தது, கட்டிலோரம் முன்னங்காலை மடித்தது, பின்னங்காலை மடித்தது, படுத்தது, அசைபோடத் தொடங்கியது.

"வந்துட்டியா" என்றாள் வடிவு, கண்ணைத் திறக்காமல்.

"யாரு வடிவு?"

"என் தூக்கம்."

அதன் தாடை மிக நிதானமாக, நொடிக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவாக, ஒரு சுற்றுப் போய் ஒரு சுற்று வந்தது. பெட்டியில் எரிந்த சின்ன விளக்கும் அதே நிதானத்தில் மினுங்கியது. பத்தாவது நிமிடத்தில் வடிவின் வாய் லேசாகத் திறந்தது. மூன்று ஆண்டுகளில் ஆவுடையப்பன் கேட்காத ஒரு சத்தம், ஒரு மெல்லிய குறட்டை, அந்த வீட்டில் கேட்டது; அவர் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

அன்று மாலை டாக்டர் போனில் அழைத்தார். "கோடெல்லாம் மலை மாதிரி எழும்பியிருக்கு. அறையில வேற எதாவது சத்தம் இருந்துச்சா?"

"எருமை அசைபோட்டுக்கிட்டு இருந்துச்சு டாக்டர்."

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணே முக்கா மணி நேரம்."

"சரி. நாளைக்கும் அப்படியே இருக்கட்டும். எதையும் மாத்தாதீங்க." சோதனைப் படிவத்தில் 'சிகிச்சையின்போது உடனிருந்தோர்' என்ற கட்டத்தில் அவர் 'கணவர், எருமை' என்று எழுதினார்.

அது எப்படித் தன் தூக்கம் என்பதை வடிவு இரவுச் சாப்பாட்டின்போது, ஏழு மாதத்தில் பேசிய மிக நீளமான பேச்சாக, கணவரிடம் சொன்னாள். டூட்டியில் தூங்கக் கூடாது என்பதால் அத்தனை வருஷமும் அவள் தூக்கத்தைக் கேட்டறைக்கு வெளியே படுக்க வைத்திருந்தாள். அதுவும் சொன்னபடி கேட்டுக்கொண்டு, மழையிலும் பனியிலும் படுத்திருந்து, காலையில் அவள் பின்னாலேயே வீட்டுக்கு வரும். ஒரு கார்த்திகை இரவு, சரக்கு ரயிலுக்காக அவள் கேட்டை இறக்கப் போகும் நேரத்தில் அது எழுந்து தண்டவாளத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிற்று. ஐம்பத்தெட்டுப் பெட்டி. எல்லாம் போய் முடிந்து கேட்டை ஏற்றியபோது அந்தப் பக்கம் ஒரு சைக்கிள்காரர் மட்டுமே நின்றார்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா" என்றார் ஆவுடையப்பன்.

"என்னன்னு எழுதிக் குடுக்க? காணாமப் போச்சுன்னா?"

குடியிருப்பு இதை ஏற்றுக்கொண்ட வேகம் குறிப்பிடத்தக்கது. குழாயில் தண்ணீர் வராதது, மொட்டை மாடியில் டி.வி. டிஷ் சாய்ந்தது போன்றவற்றுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொள்ளும் குடியிருப்பு, எருமைக்கு இரண்டே நாள்தான் எடுத்துக்கொண்டது. பால்காரர் இஸ்ரவேல் வரவழைக்கப்பட்டு, அதைச் சுற்றிவந்து, கொம்பைத் தட்டி, காதைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்: "ஊர் எருமை இல்ல. காதுல நம்பர் வில்லை கெடையாது. பொறவு இந்தச் சேத்தப் பாத்தியளா, மேலெல்லாம் ஈரமா இருக்கு. இப்ப எந்தக் குளத்துல வே சேறு இருக்கு? அம்புட்டும் காஞ்சுல்லா கெடக்கு."

பதினோரு நாளும் அது ஒரு முறைகூடச் சாணி போடவில்லை. மாரித்தங்கத்துக்கு இது பெரிய மதிப்பை உண்டாக்கிற்று. "யாரோ நல்லாப் படிச்சவுக வீட்டு எருமையாக்கும்" என்றாள்.

சிக்கல் இறங்குவதில் இருந்தது. நான்கு மணிக்குப் பெட்டி நின்றதும் எருமை எழுந்து, வாசலுக்கு வந்து, முதல் படியைப் பார்த்து, உலகத்தில் படி என்று ஒன்று இருப்பதை அப்போதுதான் அறிந்ததுபோல் நின்றுவிடும். முதல் நாள் அதை இறக்க ஒரு மணி நேரமாயிற்று, பள்ளிக்கூட வாசலில் முப்பது பிள்ளைகள் காத்திருந்தன. இரண்டாம் நாள் யாரோ வழுக்காமலிருக்கச் சாக்கு விரிக்கலாம் என்றார்கள். மூன்றாம் நாளிலிருந்து அது வழக்கமாயிற்று. நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தந்த மாடிக்காரர்கள் அவரவர் படிகளில் சாக்கு விரிப்பார்கள், சாக்கில்லாதவர்கள் பழைய ஜமுக்காளம் விரிப்பார்கள், எருமை ஒவ்வொரு சாக்காக முகர்ந்து, யோசித்து, காலை வைத்து, அடுத்த சாக்கை முகர்ந்து, யோசித்து, காலை வைத்து, நடுநடுவே நின்று தனக்குப் பின்னால் வருகிறவர்களின் பக்கம் ஒரு பெருமூச்சை விட்டு, அந்தப் பெருமூச்சில் அகப்பட்டவர்கள் எல்லாரும் வரிசையாகக் கொட்டாவி விட, அப்படியே இறங்கிப் போகும். எதிர்ப்படும் கூரியர் பையன்கள் சுவரோடு ஒட்டி நின்று வழிவிடக் கற்றுக்கொண்டார்கள்.

ஆறாம் நாள் வடிவு தலை வாரிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் தண்ணீர் வந்ததா என்று கேட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கேட்டுக்குப் பூட்டு விழுந்தது.

இதற்குக் காரணம் இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கே குடியிருப்போர் சங்கச் செயலாளர் காந்திமதிநாதனும், அவருடைய தகப்பனார், நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்ற எண்பத்து மூன்று வயது அனவரதநாதனும் இருந்தார்கள். எருமை ஏறிவந்த முதல் நாள் அனவரதநாதன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தார். இரண்டாம் மாடி நோக்கி ஓர் எருமை நிதானமாக ஏறிவருவதை எண்பத்து மூன்று வயதில் பார்க்கிற எவரும் என்ன நினைப்பாரோ அதையே அவரும் நினைத்தார். எமன் மேலே இல்லையே என்பது அவருக்கு ஆறுதலாக இல்லை; ஆளில்லாமல் வண்டியை மட்டும் அனுப்புவது அரசாங்க நடைமுறையிலும் உண்டு. மறுநாள் ஒரு மணிக்கே குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, நீறு பூசி, ஓய்வூதியப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எருமை அவர் வாசலில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு மேலே போயிற்று. அடுத்த நாளும் குளித்தார், வேட்டி கட்டினார், உட்கார்ந்தார். அடுத்த நாளும்.

"தெனம் குளிச்சு தெனம் சாவத் தயாராகுதவருக்கு ஒடம்பு எப்படி தாங்கும்?" என்று பதினோராம் நாள் இரவு சங்கக் கூட்டத்தில் கேட்டார் காந்திமதிநாதன். "அப்பா பத்து நாளா மதியம் சாப்பிடல. போற நேரத்துல வயிறு நெறைஞ்சிருந்தா நல்லா இருக்காதாம். பத்து நாள்ல மூணு கிலோ எறங்கிட்டாவ."

கீழ்த்தளத்து செல்வின் சார் எழுந்தார். "எமனுக்கு எங்க வீட்டுல அதிகாரம் கெடையாது அண்ணாச்சி, அது வேற. ஆனா எருமை கால் தடுக்கி விழுந்துச்சுன்னா என் பைக் மேலதான் விழும்."

"அது வடிவோட தூக்கம் அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன். "நாங்களா கூட்டிட்டு வரல. அதுவா வருது. இன்னும் பத்தொம்பது நாள்தான்."

"பத்தொம்பது நாள் அப்பா இருக்கணும்லா?"

பதினாறு வீட்டில் ஒன்பது பேர் பூட்டலாம் என்றார்கள், ஆறு பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவர் கொட்டாவி விட்டார். அது எந்தப் பக்கம் என்று கடைசிவரை முடிவாகவில்லை. மதியம் ஒன்று முதல் ஐந்து வரை பெரிய கேட் பூட்டப்படும், சாவி செயலாளர் வீட்டு ஆணியில் தொங்கும், மனிதர்கள் பக்கத்துச் சிறு கதவை உபயோகிக்கலாம் என்று தீர்மானமாயிற்று.

எருமை பன்னிரண்டாம் நாளும் வந்தது. பூட்டியிருந்த கேட்டின் முன் நின்றது. முட்டவில்லை, கத்தவில்லை, ரயில்வே கேட்டில் காத்திருந்து பழகிய எதற்கும் உள்ள அடக்கத்தோடு, அசைபோடாமல், இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை நின்றுவிட்டுப் போயிற்று. மேலே பெட்டி தட்டித் தட்டி ஞாபகப்படுத்தியது. வடிவு கண்ணை மூடி விழித்திருந்தாள்.

"வரலியா?" என்று கேட்டாள்.

கீழே நிற்பதைச் சொன்னால் அவள் மனசு என்னாகுமோ என்று பயந்து ஆவுடையப்பன், "வரல" என்றார்.

அவர் தன் வாழ்நாளில் சொன்ன பொய்களில் இதுதான் மோசமானது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். மறுநாள் கேட்கவில்லை. அதற்கடுத்த நாள் பல் தேய்க்கவில்லை. பெட்டி வரைந்த கோடுகள் துடைத்த பலகைபோல் இருந்தன. பதினாறாம் நாள் டாக்டர் நஸீமா நேரில் வந்து, வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது ஆவுடையப்பனிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"இது ஒரே ஒரு பெட்டி. தென்காசில ஒரு டீச்சர் காத்திருக்காங்க, ஒண்ணரை வருஷமா தூங்கல. நாளைக்கும் கோடு இப்படியே இருந்துச்சுன்னா, இவங்களுக்குக் கேக்கலன்னு எழுதிட்டு அவங்களுக்குக் குடுக்கணும். எனக்கு வேற வழியில்ல."

பதினேழாம் நாள் ஆவுடையப்பன் இரண்டு மணிக்குப் பட்டையைக் கட்டி, பெட்டியைப் போட்டுவிட்டு, வழக்கத்துக்கு மாறாக அருகில் உட்காராமல் கீழே போனார். காந்திமதிநாதன் கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் எருமை நின்றது.

"இன்னைக்கு ஒரு நாள் அண்ணாச்சி."

"தீர்மானம் போட்டாச்சு ஆவுடை."

"காலுல வேணும்னாலும் விழுதேன்."

"நான் உன் காலுல விழுதேன், எங்க அப்பாவக் கொஞ்சம் நெனச்சுப் பாரு."

இருவரில் யார் முதலில் விழுவது என்று தெரியாமல் நின்ற அந்த நேரத்தில், ஆறு நாளில் முதல் முறையாக எருமை தலையைச் சற்று முன்னே நீட்டியது. அதன் கொம்பு பூட்டின் சங்கிலியில் பட்டது. சங்கிலி கம்பியில் உரசி ஒரு சத்தம் எழுந்தது. பெரிய சத்தமல்ல. மாரித்தங்கத்துக்கே கேட்கவில்லை. மூன்றாம் மாடியில், சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒருத்திக்கு மட்டும் கேட்டது. பதினாறு ஆண்டுகள் இருட்டில் அதே சத்தத்துக்குக் காது கொடுத்திருந்தவள் அவள். மூடிய கேட்டின் முன் யாரோ ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம்.

வடிவு எழுந்தாள். பட்டையைக் கழற்றத் தோன்றவில்லை. பெட்டியைக் குழந்தையை எடுப்பதுபோல் இடுப்பில் எடுத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்து வாசலுக்கு வந்தாள். ஏழு மாதம் பார்க்காத படியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஒரு படி இறங்கினாள், நின்றாள், ஒரு படி இறங்கினாள், நின்றாள். இரண்டாம் மாடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே வெளுத்த வேட்டியில், நீறு பூசி, அனவரதநாதன் உட்கார்ந்திருந்தார். பூட்டு அவருடைய மகன் போட்டது. எமன் விஷயத்தில் அதை நம்பிக் குளிக்காமலிருக்க அவர் தயாராக இல்லை.

"மாமா, சாவி."

அவர் அவளையும், நெற்றிப் பட்டையையும், இடுப்பில் மினுங்கும் விளக்கையும் பார்த்தார். "எமனுக்கா கதவு தொறக்கப் போற?"

"அது எத்தனை நாளா நிக்கி மாமா?"

"இன்னைக்கோட ஆறு நாளு."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். ஆறு நாள் என்பதை அவள் ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.

"பூட்டு போட்டா ஆறு நாள் வெளிய நிக்கவனா மாமா எமன்?" என்றாள். "சின்னக் கதவு தொறந்துதானே கெடக்கு. அவன் வரணும்னா சாவி கேட்டா வருவான்?"

அனவரதநாதன் முப்பத்து நான்கு ஆண்டுகள் நிலம் அளந்தவர். ஒரு கணக்கு சரியாக இருந்தால் அது தனக்கு எதிராக இருந்தாலும் ஒப்புக்கொள்கிற பழக்கம் அவருக்கு உண்டு. இது தனக்குச் சாதகமாக வேறு இருந்தது. அவர் அதை ஒருமுறை இந்தப் பக்கத்திலிருந்தும் ஒருமுறை அந்தப் பக்கத்திலிருந்தும் அளந்து பார்த்தார். இரண்டும் ஒத்துவந்தன. அவர் முகத்தில் பதினேழு நாளாக இறுக்கிக் கட்டியிருந்த எதுவோ அவிழ்ந்தது.

"அட, ஆமாம்லா" என்றார். பிறகு ஆணியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "ஏ மருமவளே, சோறு இருக்கா? நேத்து மிஞ்சினது எதாவது இருந்தாலும் பரவால்ல, கொண்டா."

கீழே அவள் வெயிலில் வந்து நின்றபோது ஆவுடையப்பன் கேட்டை விட்டு ஒதுங்கி வழிவிட்டார். காந்திமதிநாதன் எழுந்தார்.

"வடிவு, இது கூட்டத் தீர்மானம். பாத்துக்கோ."

"ரயில் வருதா அண்ணாச்சி?"

"எந்த ரயில்?"

"ரயில் வரலன்னா கேட்ட மூடி வைக்கக் கூடாது. வெளிய ஆள் நிக்கும்போது மூடவே கூடாது. விதி இருக்கு."

அது எந்த விதி, அது குடியிருப்புக்குச் செல்லுமா என்று காந்திமதிநாதன் யோசித்து முடிப்பதற்குள், பதினாறு ஆண்டுப் பழக்கமுள்ள கை பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவி, கேட்டை முழுசாகத் தள்ளி, கல்லை முட்டுக் கொடுத்து, ஒதுங்கி நின்று, 'போகலாம்' என்பதற்கு அவர்கள் காட்டும் விதத்தில் கையை நீட்டிக் காட்டிவிட்டது. எருமை உள்ளே வந்தது. அவள் பக்கத்தில் வந்ததும் நின்றது. வடிவு அதன் ஈரச் சேற்று முதுகில் கையை வைத்தாள்.

"காத்திருக்க வச்சுட்டேன்" என்றாள். "அன்னைக்கும். இன்னைக்கும்."

இருவரும் சேர்ந்தே படியேறினார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியபோது அது நின்றது, அதற்கு மூச்சு வாங்கியபோது அவள் நின்றாள். இரண்டாம் மாடியில் அனவரதநாதன் வாசலில் தட்டோடு நின்று, வாய் நிறையச் சோற்றோடு எருமையை ஏறிட்டுப் பார்த்தார். அது அவரை, ஒரு மின்கம்பத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போயிற்று. அந்த அலட்சியத்தை அவர் பின்னாளில் பலரிடமும் பெருமையாகச் சொன்னார்.

அன்று பெட்டி நான்கு மணிக்கு நின்றும் வடிவு எழவில்லை, எருமையும் எழவில்லை. ஆவுடையப்பன் போய்ப் பிள்ளைகளை வீடு சேர்த்துவிட்டுத் திரும்பியபோதும் தாடை சுற்றிக்கொண்டிருந்தது. படிகளில் சாக்கு விரித்தவர்கள் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். செல்வின் சார் பைக்கை எடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியிருந்தார். ஏழு மணிக்கு அவள் கண் திறந்து, விட்டத்தைப் பார்த்து, பசிக்கிறது என்றாள். மாரித்தங்கம் தன் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய புளிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தவள் முகம் சுளித்தாள்.

"உப்பே இல்ல. என்ன கொழம்பு இது?"

மாரித்தங்கம் வாழ்க்கையில் தன் சமையலைக் குறை சொன்ன யாரையும் மன்னித்ததில்லை. இதைக் கேள்விப்பட்டதும் கேட்டருகே நின்று எல்லாரிடமும், "உப்பு இல்லன்னுட்டாளாம்! உப்பு இல்லன்னுட்டா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

டாக்டர் நஸீமா வரைபடத்தைப் பார்த்து, "கேக்குது" என்று மட்டும் எழுதினார். பூட்டு வேறு தேவைகளுக்கென்று சங்கத்து அலமாரிக்குப் போயிற்று. மீதிப் பதின்மூன்று நாளும் எருமை வந்தது, படுத்தது, சாக்குகளின் வழியே இறங்கிப் போனது. முப்பதாம் நாள் அது வழக்கம்போல் இரண்டு பத்துக்கு ஏறிப் போயிற்று. நான்கு மணிக்குச் சாக்குகள் விரிந்தன. நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. காந்திமதிநாதன் மேலே போய்ப் பார்த்தார். வடிவு எழுந்து, பெட்டியைத் துடைத்து, தென்காசி டீச்சருக்காகப் பஞ்சை அலசிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எருமை எங்க?"

"எறங்கலியே அண்ணாச்சி."

அவர் கட்டிலுக்கடியில் பார்த்தார், அடுக்களையில் பார்த்தார், மொட்டை மாடியிலும் போய்ப் பார்த்தார். பிறகு கீழே வந்து சாக்குகளை மடிக்கச் சொன்னார். சிலர் அன்று மடிக்கவில்லை.

ஆடியில் வடிவு வேலைக்குத் திரும்பினாள், டாக்டரின் கடிதத்தின் பேரில் பகல் பணிக்கு. மாத்திரை இப்போதும் உண்டு, அளவு குறைந்திருக்கிறது. இரவில் தூங்குகிறாள். சில நாள் தூங்குவதில்லை. அப்படியான நாட்களில் எழுந்து உட்கார்ந்து, ஆவுடையப்பனை எழுப்பி, தூக்கம் வரவில்லை என்று குறைபட்டுக்கொள்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் படுப்பாள்.

அப்படியோர் ஐப்பசி ஞாயிறன்று அனவரதநாதன், நாலு கிலோ கூடியிருந்தவர், தரைச் சமம் பார்க்கும் தன் பழைய ரசமட்டத்தையும் அளவுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறிப் போய், ஆவுடையப்பனின் அனுமதியோடு, வடிவு தூங்கும் அறையின் தரையை அளந்தார். இரண்டே கால் மணிக்குத் தரை நான்கு பக்கத்திலிருந்தும் கட்டிலோரம் எருமை படுத்த இடத்தை நோக்கி அரை விரற்கடை சரிந்திருந்தது. நான்கு மணிக்கு அவள் எழுந்ததும் மறுபடி அளந்தார். சமமாக இருந்தது. இரண்டையும் நேரத்தோடு புத்தகத்தில் குறித்துக்கொண்டு அவர் கீழே இறங்கினார்.